ஒரே சம்பவத்துக்குக் குற்ற எண், சி.சி., பி.ஆர்.சி., எஸ்.சி. என்று ஏன் இத்தனை எண்கள்?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் குற்றவியல் சட்டம், கோர்ட் நடைமுறை பற்றி இரண்டு மணி நேர அறிமுக வகுப்புக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் விவசாயிகள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள். பிரிவு எண்களை ஒப்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். அதனால் கற்பனையாக ஒரே ஒரு சம்பவத்தை வைத்து முழுப் பாதையையும் சொல்லலாம் என்று யோசனை.

சம்பவம் இது. வரப்புத் தகராறு. வாய்ச்சண்டை முற்றி ஒருவர் மண்வெட்டிக் காம்பால் பக்கத்து வயல்காரரின் தலையில் அடிக்கிறார். அடிபட்டவரை அரசு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துவிடுகிறார்.

என் சந்தேகங்கள்: எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றே "கேஸ் கோர்ட்டுக்குப் போயிடுச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சரியா? காகிதத்துக்குக் காகிதம் வழக்கு எண் மாறுவது ஏன்? எந்த கோர்ட்டில் விசாரணை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2024இல் சட்டம் மாறிவிட்டதே, இப்போது கொலைப் பிரிவை 302 என்று சொல்வதா 103 என்று சொல்வதா?

---

கோர்ட்வாசல் பதில்:

நல்ல சம்பவமாகப் பிடித்திருக்கிறீர்கள். அடிதடியில் தொடங்கிக் கொலையில் முடிவதால் எல்லா எண்களும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கையில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். "கேஸ் நம்பர் என்ன?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் குற்ற எண்ணைத்தான் சொல்வார்கள். குற்ற எண் என்பது காவல் நிலையத்தின் எண். அந்த ஆண்டில் அந்த நிலையத்தில் பதிவான எத்தனையாவது எஃப்.ஐ.ஆர். என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எஃப்.ஐ.ஆரின் மூலப் பிரதி அந்த எல்லைக்குரிய குற்றவியல் நடுவருக்குப் போகும். நாம் ஜே.எம். கோர்ட் என்று சொல்கிற இடம் அது. சின்ன தாலுகாக்களில் சிவில் வழக்குகளைப் பார்க்கிற முன்சீப்பே ஜே.எம். ஆகவும் இருப்பார். காகிதம் அங்கே போனாலும் கோர்ட்டில் வழக்கு இன்னும் பிறக்கவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நடுவர் அதைக் கோப்புக்கு எடுத்து எண் கொடுத்தால்தான் அது கோர்ட் வழக்கு.

எஃப்.ஐ.ஆர். படிவத்தை ஒரு பிரதி எடுத்து வகுப்பில் கைமாற்றி விடுங்கள். மூன்று கட்டங்களை விரல் வைத்துக் காட்ட வேண்டும். 3ஆம் கட்டத்தில் சம்பவம் நடந்த நேரமும் நிலையத்துக்குத் தகவல் வந்த நேரமும் தனித்தனியாக இருக்கும். 8ஆம் கட்டம், தகவல் தாமதமாக வந்திருந்தால் அதற்கான காரணம். 15ஆம் கட்டம், எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட நாளும் நேரமும். நடுவர் கையில் அது வாங்கப்பட்டதும் நாள், நேரத்தோடு அவர் சுருக்கொப்பம் இடுவார். காலை 9 மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். பக்கத்துத் தெருவில் இருக்கும் கோர்ட்டுக்கு மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தது என்றால், இடையில் உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்து எழுதினார்கள் என்று எதிர்த் தரப்பு வாதாடும். கொலை வழக்குகளில் குறுக்கு விசாரணை பல நேரம் இந்த ஒரு சுருக்கொப்பத்தில்தான் தொடங்கும்.

இனி உங்கள் சம்பவம். தமிழ்நாட்டில் அடிதடி என்றால் 294(பி), 323, 324, 506(2) என்று ஒரே மூச்சில் எழுதுவது பழைய வழக்கம். இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) படி அதே வரிசை 296(பி), 115(2), 118(1), 351(3) என்று வரும். ஆபாசமாகத் திட்டியது, சாதாரணக் காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல் என்று பொருள். தலைக்காயம் பலமாக இருந்து, கொல்லும் எண்ணத்தோடு அடித்ததாகத் தெரிந்தால் கொலை முயற்சியான 109(1)ஐயும் போடுவார்கள். பன்னிரண்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து இறப்புத் தகவல் நிலையத்துக்கு வரும். உடனே விசாரணை அதிகாரி "பிரிவு மாற்ற அறிக்கை" ஒன்றை நடுவருக்கு அனுப்புவார். ஸ்டேஷன் பேச்சில் ஆல்டரேஷன் ரிப்போர்ட். அதன்படி வழக்கு 103(1)க்கு, அதாவது கொலைக்கு மாறும். குற்ற எண் மட்டும் மாறாது, அதே எண்தான் கடைசிவரை.

பிரிவு மாறிய உடனே கோர்ட்டும் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். குற்றப்பத்திரிகை வரும்வரை ரிமாண்ட், மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் குறிப்பு), பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் அதே ஜே.எம். கோர்ட்டில்தான் சேரும். குற்றப்பத்திரிகை வந்ததும் பாதை பிரிகிறது.

ஆள் பிழைத்து, 118(1) மட்டும் நின்றிருந்தால் ஜே.எம். கோர்ட்டே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். அப்போது கிடைப்பது சி.சி. எண், காலண்டர் கேஸ். சின்னச் சின்னக் குற்றங்களைச் சுருக்கமாக விசாரிக்கும்போது எஸ்.டி.சி. எண், சம்மரி ட்ரையல் கேஸ். கொலை என்றால் ஜே.எம். விசாரிக்க முடியாது. அவர் அதைப் பி.ஆர்.சி. (பிரிலிமினரி ரெஜிஸ்டர் கேஸ்) எண்ணில் கோப்புக்கு எடுப்பார், குற்றஞ்சாட்டப்பட்டவரை வரவழைப்பார், ஆவண நகல்களை இலவசமாகக் கொடுப்பார், செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைப்பார். கமிட் செய்வது என்பார்கள். பி.ஆர்.சி. கட்டத்தில் சாட்சி விசாரணை கிடையாது. செஷன்ஸ் போய்ச் சேர்ந்ததும் எஸ்.சி. எண், செஷன்ஸ் கேஸ். அங்கேதான் உண்மையான விசாரணை.

பி.ஆர்.சி.யில் வழக்கு தேங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஐந்து பேர் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் என்றால் ஐந்தாவது ஆள் வரமாட்டார். அவருக்குப் பிடிவாரண்ட் போட்டு, அவர் கிடைக்காமல், மற்ற நால்வரும் மாதாமாதம் வாய்தாவுக்கு வந்து போவார்கள். அவரைப் பிரித்து அவர் மீதான வழக்கைத் தனியாக வைத்துவிட்டு மற்றவர்களைக் கமிட் செய்ய நடுவருக்கு வழி உண்டு. யாராவது கேட்டால்தான் அது சீக்கிரம் நடக்கும். புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 232ஆம் பிரிவு கோப்புக்கு எடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ஒப்படைக்கச் சொல்கிறது. காரணம் எழுதி 180 நாள் வரை நீட்டலாம்.

எந்த கோர்ட் என்பதைப் போலீஸோ வக்கீலோ முடிவு செய்வதில்லை. பி.என்.எஸ்.எஸ். கடைசியில் முதல் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஆறு பத்திகள்: பிரிவு, குற்றம், தண்டனை, போலீஸ் தானாகக் கைது செய்யலாமா, ஜாமீன் உரிமையா, எந்த கோர்ட் விசாரிக்கும். ஆறாவது பத்திதான் உங்கள் கேள்விக்குப் பதில். சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் வகுப்பில் காட்ட முடியும் என்றால் இந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

தண்டிக்கும் அதிகாரமும் படிப்படியாக உண்டு. முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை, அபராதம் 50,000 ரூபாய் வரை. தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரை. செஷன்ஸ் நீதிபதி சட்டம் அனுமதிக்கும் எந்தத் தண்டனையும் விதிக்கலாம், ஆனால் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும்.

302ஆ 103ஆ என்பதற்கு: சம்பவம் நடந்த நாளைப் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் குற்றப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டப்படி 302. அன்றும் அதற்குப் பின்னும் என்றால் பி.என்.எஸ். 103. பழைய சம்பவத்துக்கு இப்போது எஃப்.ஐ.ஆர். போட்டால் குற்றப் பிரிவு பழையது, விசாரணை நடைமுறை புதியது. ஒரே காகிதத்தில் இரண்டு சட்டமும் இருப்பதைப் பார்த்துத் தப்பு என்று பதற வேண்டாம்.

---

நாள்கணக்கு பதில்:

கோர்ட்வாசல் சொன்னதோடு ரிமாண்ட், ஜாமீன் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் உரிமையை இழப்பது அதிகமும் இங்கேதான்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது. பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்லலாம். பழைய சட்டத்தில் இது 41ஏ நோட்டீஸ். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது: கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதித் தர வேண்டும், நடுவரும் அதைப் படித்துப் பார்த்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும். நோட்டீஸ் வந்தவர் போகாமல் ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். போய்க் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கையில் வாங்கி வர வேண்டும்.

கைது செய்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். நடுவர் முன் நிற்கும்போது "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். அந்த நேரத்தில் பயந்து "இல்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து அடித்தார்கள் என்றால் பதிவில் ஒன்றும் இருக்காது. காயம் இருந்தால் அப்போதே காட்ட வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

இப்போது 60 நாள், 90 நாள் கணக்கு. மரணம், ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை, குற்றம் எவ்வளவு கொடியது என்று பார்க்க இடமில்லை. கணக்கு கைது நாளிலிருந்து தொடங்காது, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து தொடங்கும். ரிமாண்ட் செய்த அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்த்துவிட்டது. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாவது நாள். ஏப்ரல் 30 அன்று உரிமை பிறக்கும். உங்கள் சம்பவத்தில் பிரிவு 103க்கு மாறியதால் 90 நாள் கணக்கு, மே 29 தொண்ணூறாவது நாள், மே 30 காலையில் மனு தயாராக இருக்க வேண்டும்.

தவறு நடப்பது எங்கே என்றால், உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. மனு போட வேண்டும். "திங்கட்கிழமை போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை போயிற்று. மனு போட்ட பிறகு குற்றப்பத்திரிகை வந்தால் பாதகமில்லை. எம். ரவீந்திரன் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான்.

சாதாரண ஜாமீனுக்கு: 118(1) கட்டத்தில் ஜே.எம். கோர்ட்டிலேயே கேட்கலாம். கொலை என்று மாறிவிட்டால் பொதுவாக மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் எம்.பி. என்ற எண்ணில் ஜாமீன் மனு, அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் ஓ.பி. என்ற எண்ணில் மனு. இன்னொரு சிக்கல். ஒருவர் 118(1)இல் ஜாமீனில் வெளியே இருக்கும்போது ஆள் இறந்து பிரிவு 103 ஆகிறது என்று வையுங்கள். பழைய ஜாமீன் இந்தப் புதிய பிரிவைக் காப்பாற்றாது. புதிய பிரிவுக்கும் சேர்த்து அவர் ஜாமீன் கேட்க வேண்டும். போலீஸும் நேரே போய்ப் பிடித்து வரக் கூடாது, ஜாமீன் கொடுத்த கோர்ட்டின் உத்தரவு வேண்டும். இது 2019இல் பிரதீப் ராம் வழக்கில் வந்த தீர்ப்பு.

ஜாமீன் உத்தரவு கையில் வந்த பிறகும் ஆள் வெளியே வர நாளாவது ஜாமீன்தாரர் காகிதத்தால்தான். "இரண்டு நபர் ஜாமீன், ஒருவர் ரத்த உறவு" என்று உத்தரவு சொல்லும். இருவரும் நேரில் வர வேண்டும், புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை, சொத்து மதிப்பு காட்டும் சான்று அல்லது வீட்டு வரி ரசீது வேண்டும். பெயர் ஒரு காகிதத்தில் "முருகன்", இன்னொன்றில் "முருகேசன்" என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்ததும் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை இருக்கும். ஊரில் திருவிழா, அறுவடை என்று இரண்டு நாள் விட்டால் ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு முன்கூட்டியே மனு போட வேண்டும்.

---

வரப்போரம்:

இருவருக்கும் நன்றி. இதுவரை வந்தது பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம். இறந்தவர் குடும்பத்துக்கு என்ன சொல்வது? "இனி எல்லாம் போலீஸ் பாடு" என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னொன்று, இரண்டு தரப்பும் ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

---

சாட்சிக்கூண்டு பதில்:

இறந்தவர் குடும்பம் கவனிக்க வேண்டிய முதல் காகிதம் எஃப்.ஐ.ஆருக்கும் முன்னால் எழுதப்படுகிறது. மருத்துவமனையில் அடிபட்டவரைச் சேர்த்ததும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்வது அதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று கேட்டு எழுதுவார். பதற்றத்தில் கூட வந்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். "தெரிந்த ஒரு நபர் கட்டையால் அடித்ததாக" என்று பதிவேட்டில் இருக்கும். நான்கு மணி நேரம் கழித்துக் கொடுத்த புகாரில் "நான்கு பேர் அரிவாள், கம்பி, மண்வெட்டியுடன்" என்று இருக்கும். தகராறு இருக்கிற அண்ணன், தம்பி, மச்சான் எல்லோரையும் சேர்த்து எழுதினால் வழக்கு பலமாகும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆண்டுகள் கழித்து மருத்துவர் கூண்டில் ஏறியதும் முதல் கேள்வியே "உங்களிடம் சொன்னது ஒரு நபர் என்றுதானே?" என்று வரும். உண்மையாக அடித்தவர் மேல் உள்ள வழக்கும் அதோடு சேர்ந்து ஆட்டம் காணும். நடந்தது என்னவோ அதை மட்டும், முதல் முறையே சொல்லுங்கள். வகுப்பில் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம், வழக்குப் பதிவாகவில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ளவற்றில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறமும் நடக்காவிட்டால் வழக்கை விசாரிக்கப் போலீஸுக்கு உத்தரவிடக் கேட்டு, பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் 175(3) மனு. எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேரே நடுவரிடம் போனால் அந்த ஒரு காரணத்துக்கே மனு திரும்பும்.

எஃப்.ஐ.ஆர். போட்ட 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று 193(3) சொல்கிறது. எழுதிக் கேளுங்கள், தேதி போட்டு.

"ஆர்.சி.எஸ். நோட்டீஸ்" என்று ஒரு காகிதம் வந்தால் அதை மடித்து வைத்துவிடக் கூடாது. புகாரில் உண்மையில்லை, அல்லது அது சிவில் தகராறு என்று சொல்லி வழக்கை முடிக்கப் போலீஸ் அறிக்கை கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். நடுவர் அதை ஏற்கும் முன் உங்கள் ஆட்சேபத்தைக் கேட்பார். கோர்ட்டுக்குப் போய் ஆட்சேப மனு போடுகிறவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம், போலீஸ் அறிக்கையை ஏற்காமல் வழக்கைக் கோப்புக்கு எடுக்கலாம், மனுவைத் தனிப் புகாராகவும் நடத்தலாம். போகாமல் இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

இரண்டு தரப்புப் புகாருக்கு வருகிறேன். கேஸ், கவுண்டர் கேஸ் என்பார்கள். இரண்டு குற்ற எண், ஒரே சம்பவம். தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளின்படி இரண்டையும் ஒரே அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், யார் முதலில் கைவைத்தது என்று கண்டறிய வேண்டும். கோர்ட்டிலும் இரண்டையும் ஒரே நீதிபதி, ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்து ஒரே நாளில் தீர்ப்புச் சொல்வது முறை. ஒன்று கொலை வழக்காகி செஷன்ஸ் போய், மற்றது சாதாரணக் காயமாக ஜே.எம். கோர்ட்டில் நின்றால், அதையும் செஷன்ஸுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் விட்டால் இரண்டு கோர்ட் இரண்டு விதமாகச் சொல்லும். எதிரியின் (கோர்ட் பேச்சில் குற்றஞ்சாட்டப்பட்டவர்) உடலில் இருந்த காயத்துக்குப் போலீஸ் ஒரு விளக்கமும் தராமல் மறைத்தால் அது முதன்மை வழக்கையே பலவீனமாக்கும்.

விசாரணையில் அரசு வழக்கறிஞர்தான் வழக்கை நடத்துவார். அவருக்கு உதவத் தங்கள் சொந்த வக்கீலை வைக்க கோர்ட் அனுமதியோடு குடும்பத்துக்கு உரிமை உண்டு. இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு செய்யலாம், அதற்குத் தண்டனை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எதிரி விடுதலையானால் மேல்முறையீடு செய்யவும் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது.

---

கோர்ட்வாசல்:

ஏ.ஆர். காப்பி பற்றிச் சாட்சிக்கூண்டு சொன்னதை அப்படியே வகுப்பில் வாசித்துக் காட்டலாம். அதோடு செஷன்ஸில் என்ன நடக்கும் என்பதையும் முடித்துவிடுகிறேன்.

எஸ்.சி. எண் ஆனதும் முதலில் குற்றச்சாட்டு வனைவது, அதாவது எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று நீதிபதி எழுதுவது. ஆதாரமே இல்லை என்றால் அதற்கு முன்பே விடுவிக்கக் கேட்கலாம், ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள். உங்கள் சம்பவத்தில் பெரிய வாதம் இங்கிருந்தே தொடங்கும்: இது 103ஆ, 105ஆ? ஒரே அடி, வயலில் கையில் இருந்த மண்வெட்டி, முன்திட்டம் இல்லை, பன்னிரண்டு நாள் சிகிச்சை. இது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா என்பதைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் கருத்து பெரிதும் தீர்மானிக்கும். அந்தக் காயமே இயல்பாக மரணத்துக்குப் போதுமானதா, இடையில் கிருமித் தொற்று சேர்ந்ததா என்று இரு தரப்பும் அவரைக் குடைவார்கள். மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பேடு முழுவதும் கோர்ட்டுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வழக்குகளில் ஏ.ஆர். காப்பியும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் மட்டும் இருக்கும், நடுவில் உள்ள நாட்கள் காணாமல் போயிருக்கும்.

அரசுத் தரப்புச் சாட்சிகளுக்கு அ.சா.1, அ.சா.2 என்று எண். முதலில் அரசுத் தரப்பு முதல் விசாரணை, பிறகு குறுக்கு விசாரணை. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம். அதைச் சாட்சியமாகவும் எடுக்க முடியாது, முரண்பாட்டைக் காட்ட மட்டுமே பயன்படும். அதனால்தான் சாட்சி கூண்டில் வந்து "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றால் வழக்கு சாய்கிறது. பிறழ் சாட்சி என்று அறிவித்து அரசு வழக்கறிஞரே குறுக்கு விசாரணை செய்வார். தகராறு பெரிதாக இருக்கிற ஊர்களில் முக்கிய சாட்சியை 183ஆம் பிரிவில் நடுவர் முன் சத்தியப் பிரமாணத்தோடு சொல்ல வைப்பது இதற்காகத்தான்.

சாட்சி சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் சாட்சிக்கே வாரண்ட் வரும் என்பது பலருக்குத் தெரியாது. கோர்ட்டுக்குப் போன அன்று வாய்தா ஆகிவிட்டால் அடுத்த தேதியை கோர்ட் காவலரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

சாட்சிகள் முடிந்ததும் எதிரியிடம் நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்பார். பழைய நடைமுறைச் சட்டத்தில் 313, இப்போது பி.என்.எஸ்.எஸ். 351. தனக்கு எதிராக வந்த ஒவ்வொரு விஷயத்துக்கும் விளக்கம் சொல்ல அவருக்கு அதுதான் இடம். எல்லாவற்றுக்கும் "பொய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சம்பவ நேரத்தில் வேறு ஊரில் இருந்தேன், எனக்கும் காயம் என்றெல்லாம் இருந்தால் இங்கே சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம்.

தீர்ப்புக்குப் பிறகு நாள் கணக்கு மறுபடி முக்கியம். ஜே.எம். கோர்ட் தண்டனைக்கு எதிராகச் செஷன்ஸில் மேல்முறையீடு 30 நாள். செஷன்ஸ் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டதிலிருந்து அது கிடைக்கும்வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் தீர்ப்பு நாளன்றே நகல் மனு போடுவது நல்லது. ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத சிறை என்றால், மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொல்லி அதே கோர்ட்டில் அன்றே தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். அதற்கும் ஜாமீன்தாரர் வேண்டும். தீர்ப்பு நாளில் இரண்டு பேரைக் காகிதத்தோடு கோர்ட் வாசலில் நிறுத்தி வைக்காதவர்கள், ஜாமீன் கிடைத்தும் அன்றிரவைச் சிறையில் கழிக்கிறார்கள்.

உயர் நீதிமன்றம் என்றால் எல்லோரும் சென்னை என்று நினைக்கிறார்கள். 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை இருக்கிறது. திருச்சி, கரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழக்குகளும் மதுரைக்குத்தான். திருவாரூர், நாகப்பட்டினம் சென்னைக்கு.

---

நாள்கணக்கு:

எண்ணைப் பற்றிக் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். கோர்ட் வழக்கு ஒவ்வொன்றுக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க அடையாளம் உண்டு. தமிழ்நாடு என்றால் டி.என். என்று தொடங்கி வழக்கு ஆண்டில் முடியும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். சி.என்.ஆர். தெரியாதவர்கள் காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு போட்டும் தேடலாம். தேடி ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றப்பத்திரிகை இன்னும் கோப்புக்கு எடுக்கப்படவில்லை. பி.ஆர்.சி. கமிட் ஆகிவிட்டால் பழைய பதிவு முடிந்ததாகக் காட்டும். அதைப் பார்த்து வழக்கே முடிந்துவிட்டது என்று நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்து பிடிவாரண்ட் வாங்குகிறவர்கள் உண்டு. செஷன்ஸில் புதிய சி.என்.ஆர். எண் இருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும்.

---

வரப்போரம்:

போதும் போதும் என்கிற அளவு கிடைத்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். படிவம், முதல் அட்டவணையில் ஒரு பக்கம், 15100 எண், ஏ.ஆர். காப்பி பற்றிய அந்தப் பத்தி, இந்த நான்கையும் நகல் எடுத்துக் கையில் கொடுக்கப் போகிறேன். போக்சோ வழக்கும் இதே பாதையில்தான் போகுமா?

---

சாட்சிக்கூண்டு:

போகாது. போக்சோவில் பி.ஆர்.சி. கட்டமே இல்லை. குற்றப்பத்திரிகை நேரே சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய் ஸ்பெஷல் எஸ்.சி. எண் ஆகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளும் 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின் நேரே சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான். குற்றஞ்சாட்டப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தில் தொடங்கும். அவரைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கவே கூடாது. போக்சோவுக்குத் தனி இழை தொடங்குங்கள், குழந்தையிடம் வாக்குமூலம் எடுக்கும் முறையிலிருந்தே எழுத நிறைய இருக்கிறது.